ஹட் பே பக்கத்தில் விழுந்த கோடு

ஹட் பே
4.4.2025

நளினிக்கு,

அன்றைக்கு அந்தப் புங்கமரத்தடியில் இருந்தவர்கள்: போர்ட் பிளேரிலிருந்து வந்த நீ. உன்னோடு காமிரா தூக்கி வந்த பாலகுமார். உங்களை ஜெட்டியிலிருந்து ஜீப்பில் ஏற்றி வந்த ஈஸ்வரன். என் பேத்தி ப்ரியங்கா. வாங்கிப்போன சல்லடையைத் திருப்பிக் கொடுக்க வந்து அப்படியே நின்றுவிட்ட பக்கத்து வீட்டு ஒச்சம்மா. ப்ரியங்காவின் தாத்தா. நான். மொத்தம் ஏழு பேர். பிப்ரவரி இருபது, வியாழக்கிழமை. உன் வலது செருப்பின் வார் அறுந்து ஊக்குக் குத்தியிருந்தாய். டீயில் ஈ விழுந்ததென்று பாலகுமார் கொட்டினார். ஈ விழவில்லை, எங்கள் தம்ளரில் குடிக்க மனசில்லை. இதையெல்லாம் எதற்கு எழுதுகிறேனென்றால், கிழவிக்கு ஞாபகம் குழம்பிவிட்டது என்று நீங்கள் யாரும் நாளைக்குச் சொல்லக்கூடாது.

போனில் பேச மாட்டேன். இங்கே சிக்னல் கிடைப்பதே பாதி நாள். கிடைத்தாலும், பேசினதை அடுத்த வாரம் பேசவில்லை என்பீர்கள். காகிதத்தில் எழுது. கப்பலில் வரட்டும்.

முந்தாநாள் நானும் ப்ரியங்காவும் ஜெட்டிக்குப் போனபோது உங்கள் பூச்சிக் கணக்கைப் போனில் திறந்து காட்டினாள். தீவு தீவாகப் பக்கம் இருக்கிறது. பாராடாங்குக்கு இருக்கிறது, உங்கள் ஷாதிபூருக்குக்கூட இருக்கிறது. ஹட் பே பக்கத்தில் மட்டும் மேலிருந்து கீழ்வரை கோடு. அடியில் இங்கிலீஷில் இரண்டு வரி. ப்ரியங்கா படிக்கத் தயங்கினாள். படிடி என்றேன். "பதிவு செய்பவர் நம்பத்தக்கவர் அல்ல. பூச்சிகளை வெளியிலிருந்து கொண்டுவந்து வைத்திருக்கலாம்."

பதிவு செய்பவர் நான்தானே. இந்த ஊரில் வேறு யார் முள்ளுப்பூச்சியைத் தேடிப் போகிறார்கள்?

நானாகவா கேட்டேன் இந்த வேலையை? இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீதான் வந்தாய். ரோஜா முள் அளவு பூச்சி, முதுகில் கொம்பு, கிளையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும், பார்த்திருக்கிறீர்களா பாட்டி என்றாய். என் கொல்லையிலேயே இருக்கிறது என்று காட்டினேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அதைப் பார்த்தாலே குமட்டும். கிளையில் வாயைக் குத்திச் சாறு உறிஞ்சுகிறது. பின்பக்கமாகப் பிசுபிசுவென்று ஒழுகவிடுகிறது. எறும்பு போய் அதன் முதுகைத் தட்டித் தட்டி, ஒழுகுவதை வாய் வைத்துக் குடிக்கிறது. முதல் நாள் பார்த்துவிட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் போனேன். சிலோனில் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது படித்தவள் நான். தேதி, இடம், என்ன மரம், எத்தனை பூச்சி, குஞ்சு உண்டா, எறும்பு உண்டா என்று நீ போட்டுக் கொடுத்த ஆறு கட்டத்தையும் விடாமல் நிரப்பினேன். ரோட்டில் பதினோராம் கிலோமீட்டர்வரை நடந்திருக்கிறேன். பாழாய்க் கிடக்கிற எண்ணெய்ப்பனைக் காட்டுக்குள் அட்டை கடிக்கக் கடிக்கப் போயிருக்கிறேன். நூற்று எண்பத்தாறு தடவை எழுதியிருக்கிறேன். பார்க்காத நாளில் பார்க்கவில்லை என்றும் எழுதியிருக்கிறேன்.

அந்த இரண்டு வரியை எழுதியது யார்? அது மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். பிறகு அந்தக் கோட்டை எடுக்க வேண்டும்.

அழகம்மா

---

ஷாதிபூர், போர்ட் பிளேர்
17.4.2025

அன்புள்ள அழகம்மா பாட்டிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இந்த விஷயத்தில் உங்களுக்கு மனவருத்தம் ஏற்பட்டிருப்பது எனக்கும் வருத்தமாக இருக்கிறது.

நடந்ததை விளக்குகிறேன். அன்று உங்கள் மரத்தில் மூன்று கொம்புள்ள நான்கு பெரிய மரத்தத்துப்பூச்சிகள் (நீங்கள் முள்ளுப்பூச்சி என்பது) படம் எடுக்கப்பட்டன. அந்த இனம் இதுவரை பாராடாங்கிலும் அதற்கு வடக்கேயும்தான் பதிவாகியிருக்கிறது. கடல் தாண்டி ஹட் பேயில் இருக்கிறது என்றால் அது புதிய செய்தி. அதனால் படங்கள் மெயின்லேண்டில் உள்ள நிபுணருக்கு அனுப்பப்பட்டன. அவர் சில சந்தேகங்களை எழுப்பினார். பூச்சிகளின் அருகில் ஓர் எறும்புகூட இல்லை. குஞ்சுகள் இல்லை. அவை உட்கார்ந்திருந்த விதமும் இயற்கையாக இல்லை. மார்ச்சில் அவருடைய ஆட்கள் வந்து தேடியபோது ஒன்றும் கிடைக்கவில்லை.

எங்கள் கணக்கில் ஒரு விதி உண்டு. ஒருவர் கொடுத்த ஒரு பதிவு பொய்யென்று சந்தேகம் வந்தால் அவருடைய எல்லாப் பதிவுகளும் ஒதுக்கி வைக்கப்படும். அது என் கையில் இல்லை. அந்தக் குறிப்பும் கமிட்டியின் முடிவுப்படி எழுதப்பட்டது. யாரையும் குற்றம் சாட்டும் நோக்கம் இல்லை.

தனிப்பட்ட முறையில் உங்கள் உழைப்பின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. இத்துடன் பங்கேற்புச் சான்றிதழும் எங்கள் திட்டத்தின் தொப்பி ஒன்றும் ஈஸ்வரன் அண்ணன் மூலம் அனுப்பியிருக்கிறேன். வெயிலில் போட்டுக்கொள்ளுங்கள். தாத்தாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்
நளினி

---

ஹட் பே
6.5.2025

நளினிக்கு,

தொப்பி வந்தது. ஒச்சம்மாவின் அடைகோழி அதில் உட்கார்ந்திருக்கிறது. சான்றிதழைத் திருப்பி அனுப்புகிறேன், வேறு யாருக்காவது கொடு.

யார் எழுதியது என்று நான் கேட்டேன். அனுப்பப்பட்டன, ஒதுக்கி வைக்கப்படும், எழுதப்பட்டது என்று பதில் போட்டிருக்கிறாய். கையில்லாமலா அதெல்லாம் நடந்தது? உன் எழுத்து எனக்குப் பிடிபடாமல் ப்ரியங்காவை மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். வெந்நீரில் ஊறின ரொட்டி மாதிரி இருக்கிறது, கையில் எடுத்தால் ஒழுகுகிறது.

இப்போது நான் சொல்வதைக் கேள்.

அந்தக் கிளையை நீ காட்டிக் கேட்டபோது, "இந்த மூணு கொம்பு சாமானை நான் இங்க பார்த்ததே இல்லயே"ன்னு சத்தமாகச் சொன்னேன். ஒச்சம்மா சாட்சி. பாலகுமார் என்னைப் பார்த்து, "அம்மாஜி, ஜரா ஹட்டியே"ன்னார். எனக்கு இந்தி தெரியாது என்று நினைத்தார் போல. இருபத்தைந்து வருஷம் பெங்காலியோடும் தெலுங்கனோடும் சேர்ந்து எண்ணெய்ப்பனைக் குலை சுமந்தவளுக்கு, நகரு என்பது புரியாதா? நகர்ந்தேன். என் நோட்டில் அன்றைய தேதிக்கு நான் எழுதியதை அப்படியே பார்த்து எழுதுகிறேன்: "20.2.25. கொல்லைப் புங்கை. சின்னப் பூச்சி 11. குஞ்சு உண்டு. எறும்பு உண்டு." அவ்வளவுதான். உங்கள் மூன்று கொம்பு என் நோட்டிலேயே இல்லை. அதை என் பேரில் ஏற்றியது யார்?

நீ அந்தக் கிளையைப் பிடித்து வளைத்தாய். அப்புறம் விரலைக் கைக்குட்டையில் துடைத்தாய். போகவில்லை. புங்கை இலையில் துடைத்தாய். போகவில்லை. உள்ளே வந்து, "பாட்டி, கொஞ்சம் தேங்காயெண்ணெய் கிடைக்குமா"ன்னு கேட்டாய். நான்தான் ஊற்றினேன், உன் இடது கை கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும். தண்ணீரில் போகாமல் எண்ணெயில் போகிற பிசின் எது நளினி? பலாப்பால். புங்கமரத்தில் பலாப்பால் எப்படி வந்தது என்று உனக்கு அன்றைக்குத் தோன்றாமலா இருந்தது? படித்த பெண். எண்ணெய்க் கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டுப் போனாய். அந்த மரியாதைக்கு ஒன்றும் குறைச்சலில்லை.

மறுநாள் காலையில் நீங்கள் கப்பலேறின பிறகு போய்ப் பார்த்தேன். கிளையில் ஒன்றரை ஜாண் நீளத்துக்குப் பால் தடவியிருந்தது. இரண்டு பூச்சி அதிலேயே செத்து ஒட்டியிருந்தன. இன்னொன்று பிய்த்துக்கொண்டு போயிருக்கிறது, கால் மட்டும் இரண்டு அங்கேயே நின்றுகொண்டிருந்தன. நாலாவதை எங்கள் எறும்புகள் இழுத்துக்கொண்டு போயின. வெளியூர்க்காரன் யார் என்று எறும்புக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கிளையை வெட்டி அடுப்பில் போட்டேன். அப்போதே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். உனக்குத் தெரிந்திருக்கும், நீயே தள்ளிவிடுவாய் என்று இருந்துவிட்டேன். என் தப்பு அது ஒன்றுதான்.

யார் தடவியது என்று உன் கடிதம் வந்த பிறகுதான் யோசித்தேன். பிப்ரவரி பதினாறாம் தேதி பாராடாங்கில் எங்கள் நாத்தனார் ருக்குவின் பேரனுக்குக் காதுகுத்து. எனக்கு முழங்கால் வலி, ப்ரியங்காவின் தாத்தா மட்டும் போனார். பத்தொன்பதாம் தேதி கப்பலில் திரும்பினார். பையில் ஒரு பாட்டில் இருந்தது. என்ன என்றேன். "ருக்கு ஊறுகா குடுத்தா"ன்னார். ஊறுகாய் பாட்டில் மூடியில் ஆணியடித்து ஓட்டை போட்டிருக்கிறது. அப்போது கேட்கவில்லை. இப்போது கேட்டேன்.

"ஊறுகாவுக்கு மூச்சு முட்டும்னு ஓட்ட போட்டாளா ஒங்க தங்கச்சி?"

அரை மணி நேரம் வெற்றிலையை மடித்தார், பிரித்தார், மடித்தார். அப்புறம் சொன்னார்: "பெரிய மனுசங்க கப்பலேறி வர்றாங்க. பாராடாங்குல இருக்கு, ஒங்க ஊருல இருந்தா விசேசம்னு அந்தப் பொண்ணு போன்ல சொல்லுச்சுல்ல. வெறுங்கையோட அனுப்புனா நம்ம டிவிசனுக்குத்தான அசிங்கம். குதிச்சு ஓடிரும்னுதான் லேசா பால் தடவுனேன்."

டிவிசன். தோட்டத்தில் இவர் பார்த்த பிரிவு. அந்தத் தோட்டம் மூடி எத்தனை வருஷமாயிற்று. உனக்கு இது புரியாது, சொல்கிறேன். சிலோனிலிருந்து எங்களைக் கூட்டிவந்து எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் விட்டபோது இவர் கங்காணி. பெரிய ஆபீசர் பார்வைக்கு வருகிறார் என்றால், காலையில் பெரட்டு எடுத்து ஆள் எண்ணின கையோடு எங்களை அடுத்த டிவிசனுக்கு ஓட்டுவார். அங்கே வெட்டின குலையைச் சுமந்துவந்து இங்கே குவிக்க வேண்டும். ஆபீசர் பார்த்துத் தலையாட்டிவிட்டு ஜீப்பில் சுற்றி அடுத்த டிவிசனுக்குப் போவதற்குள், அதே குலையைக் குறுக்கு வழியில் திரும்பச் சுமந்துபோய் அங்கே குவிக்க வேண்டும். எட்டு மாசக் கர்ப்பத்தில் நான் சுமந்தேன். பெண்டாட்டிக்கு மட்டும் சலுகை காட்டினால் பேர் கெட்டுப்போகும் என்று என் தலையில் பெரிய குலையாகப் பார்த்து வைத்தார். ஆபீசர் இவர் தோளைத் தட்டினார். அன்றைக்கு இவர் முகத்தில் வழிந்த இளிப்பு இருக்கிறதே, அதை நான் இன்னும் மறக்கவில்லை. எறும்பாவது பசிக்குத்தான் அந்தப் பூச்சியின் பின்னால் வாய் வைக்கிறது.

அவர் அப்படி. அது எனக்கு ஐம்பது வருஷமாகத் தெரியும். நீ ஏன் அப்படி? அதைச் சொல்.

அழகம்மா

---

ஷாதிபூர்
19.5.2025

பாட்டிக்கு,

நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இதையாவது அனுப்பிவிடுகிறேன்.

எனக்குத் தெரியும். கிளையைத் தொட்டபோதே தெரிந்துவிட்டது. படத்தைப் பெரிதாக்கினால் கால்களின் அடியில் வெள்ளையாக ஏதோ இருக்கும். பாலகுமார் ஜீப்பில் திரும்பி வரும்போதே, "டென்ஷன் மத் லோ, கவலைப்படாதே, அந்த ஓரத்தை வெட்டிட்டுப் போட்டுடலாம்" என்றார். வெட்டினோம். எனக்கு இந்த வேலை ஒப்பந்தத்தில்தான். புதிய பதிவு ஒன்று இருந்தால் அடுத்த வருஷமும் வைத்துக்கொள்வார்கள் என்று பேச்சு இருந்தது. அதற்காகத்தான். வேறு காரணம் எதுவும் இல்லை.

அந்த இரண்டு வரியை எழுதியது நான்தான். கமிட்டி எழுதவில்லை. மூன்று கொம்புப் பூச்சியை உங்கள் பேரில் ஏற்றியதும் நான்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொல்லலாமா என்று தெரியவில்லை. சொல்லாவிட்டால் இந்தக் கடிதமும் முந்தின கடிதம் போல ஆகிவிடும். நிபுணர் கேள்வி கேட்டவுடன், மார்ச் ஒன்பதாம் தேதி, உங்கள் வீட்டுக்குப் போன் செய்தேன். தாத்தாதான் எடுத்தார். இந்தப் பூச்சி எங்கிருந்து வந்தது, உண்மையைச் சொல்லுங்கள் என்றேன். "அவதாம்மா கொண்டாந்து வச்சா. வயசானவ, ஒங்ககிட்ட நல்ல பேரு வாங்கணும்னு ஆசப்பட்டுட்டா. பெருசு பண்ணாதீங்க"ன்னார். உங்களிடம் போனைக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் உண்மை வந்துவிடும் என்று பயந்தேன். அவர் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது. எழுதிவிட்டேன்.

இப்போது நிபுணருக்கு எல்லாவற்றையும் எழுதிப்போட்டுவிட்டேன், வெட்டாத படத்தையும் சேர்த்து. ஜூலையோடு என்னை நிறுத்திவிடுவார்கள். அது கிடக்கட்டும். உங்கள் பக்கத்தைத் திரும்பச் சேர்க்க அவர் சம்மதித்திருக்கிறார். ஆனால் பூச்சியைக் கொண்டுவந்தது யார் என்று பேரோடு எழுதி, பதிவு செய்பவரே கையெழுத்துப் போட்டால்தான் முடியும் என்கிறார். "வீட்டில் ஒருவர்" என்று எழுதினேன். ஒத்துக்கொள்ளவில்லை. படிவம் இத்துடன் இருக்கிறது. பேர் எழுதும் கட்டத்தை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் நானே நிரப்பியிருக்கிறேன். தாத்தாவின் பேரை நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அந்தப் பேர் கணக்கில் நிரந்தரமாக இருக்கும். யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். உங்களுக்கு அது வேண்டாமென்றால் படிவத்தை அனுப்ப வேண்டாம். ஆனால் பக்கம் கோட்டோடு அப்படியே நின்றுவிடும். நீங்களே முடிவு செய்யுங்கள்.

நளினி

---

ஹட் பே
11.6.2025

நளினிக்கு,

மழை. கடல் சரியில்லையென்று இரண்டு கப்பலை நிறுத்திவிட்டார்கள். உன் கடிதம் மூன்றாம் தேதிதான் வந்தது.

ப்ரியங்கா படித்துக்கொண்டே வந்தவள், அந்தப் போன் விஷயம் வந்ததும் நிறுத்திவிட்டாள். கையிலிருந்து பிடுங்கி நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். மார்ச் ஒன்பது ஞாயிற்றுக்கிழமை. எனக்கு ஞாபகம் இருக்கிறது. நான் பதினோராம் கிலோமீட்டருக்குப் போயிருந்தேன், உங்கள் பூச்சியைத் தேடி. சின்னப் பூச்சி எட்டு பார்த்தேன். திரும்பி வந்தபோது, "யாராச்சும் போன் பண்ணாங்களா"ன்னு கேட்டேன். "இல்ல"ன்னார். அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு. இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

உன் மேல் எனக்கு அருவருப்பு போகவில்லை. ஆனால் நீ உன் கையால் எழுதினாய், வேலை போகும் என்று தெரிந்து எழுதினாய். உன்னைத் திட்டுவதை நிறுத்திவிட்டேன். பாலகுமாரைத் திட்டுவதற்கு நான் இன்னும் அவ்வளவு கீழே இறங்கவில்லை. ருக்கு பாட்டிலைக் கொடுத்தாள், எதற்கு என்று கேட்கவில்லை. அவள் எதைத்தான் கேட்டாள் இதுவரைக்கும்? அவர்கள் எல்லாரையும் விட்டுவிட்டேன்.

இவரிடம் அன்றைக்கே கேட்டேன். ஒச்சம்மாவும் இருந்தாள், இருக்கட்டும் என்றுதான் கேட்டேன்.

"பூச்சிய நான் கொண்டாந்தேன்னு சொன்னீங்களா?"

"ஏதோ ஒண்ணு சொல்லணும்ல. பொம்பளன்னா விட்டுருவாங்கன்னு சொன்னேன்."

"என் பேரு கெட்டுப்போச்சே."

சிரித்தார். வெற்றிலை எச்சில் தாடையில் வழிய வழியச் சிரித்தார். "ஒனக்கு ஏதுடி பேரு, கெட்டுப்போறதுக்கு? நான் கங்காணியா இருந்தவன். இன்னிக்கும் ஜெட்டில நாலு பேரு என்னைப் பார்த்து எந்திரிக்கிறான். பூச்சி எண்ணுற கெழவிக்குப் பேராம்."

ஒச்சம்மா எழுந்து போய்விட்டாள். அவளுக்கே தாங்கவில்லை. நான் அவர் தட்டை எடுத்து வெளியே வைத்தேன். எட்டு நாளாக அவர் ஜெட்டிப் பக்கம் ஓட்டலில் சாப்பிடுகிறார். ப்ரியங்கா பாவம் என்கிறாள். அவளுக்கு யார் மேலும் பாவம் வரும்.

நளினி, அந்தக் காலத்தில் நாங்கள் வந்து இறங்கிய கப்பலில் ஓர் ஆபீசர் மேஜை போட்டு உட்கார்ந்து, "புருஷன் பேர்?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்து நின்றேன். பின்னால் நின்ற கிழவி சொன்னாள். ரேஷன் கார்டுக்கு ஒச்சம்மா சொன்னாள். பிள்ளைப்பேற்றின்போது ஆஸ்பத்திரியில் நர்ஸ் கத்தினாள், வலியிலும் நான் சொல்லவில்லை, பக்கத்துப் படுக்கைக்காரி வெளியே போய்க் கேட்டு வந்து எழுதினாள். ஆதாருக்கு ப்ரியங்கா சொன்னாள். கல்யாணமாகி ஐம்பத்திரண்டு வருஷம். வாயாலும் சொன்னதில்லை, கையாலும் எழுதினதில்லை. வணக்கத்துக்குரிய பேர் என்று அப்படி வைத்திருந்தேன்.

உன் படிவத்தைப் பார்த்து ப்ரியங்கா, "நான் எழுதிடறேன் பாட்டி, நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க"ன்னாள். வேண்டாமென்றேன். மற்றக் கட்டத்தில் நீ நிரப்பினது சரியாக இருக்கிறது. ஒன்றே ஒன்றைத் திருத்தியிருக்கிறேன், பூச்சி நான்கையும் உயிரோடு ஒட்டியது என்று சேர்த்திருக்கிறேன். அந்தப் பேர் எழுதும் கட்டம் சின்னது, என் எழுத்து பெரிது, கோட்டுக்கு வெளியே போய்விட்டது. பரவாயில்லை, படிக்க முடியும். என் பக்கத்தைச் சேர்த்ததும் ப்ரியங்காவின் போனுக்குத் தெரியப்படுத்து, ஜெட்டிக்குப் போய்ப் பார்க்கிறேன்.

கட்டத்தில் எழுதினதை யாராவது அழித்துவிடக்கூடும். அதனால் இந்தக் கடிதத்திலும் எழுதி வைக்கிறேன். சாகும்வரை நான் மன்னிக்கப்போவதில்லை என்று இருப்பது ஒரே ஓர் ஆளை. அவன் பேர் பழனியாண்டி.